தறி நிற்கிற நாள்

தங்கமுத்து நாய் வளர்க்கப் போகிறான் என்று தெரிந்ததும் சின்னாளப்பட்டி மேலத் தெருவில் சிரிக்காத ஆள் இல்லை. வீட்டுக்கு வீடு குழித்தறி இருக்கிற தெரு அது. விடிந்ததும் குழிக்குள் காலை விட்டு மிதிக்க ஆரம்பித்தால் பொழுது சாய்ந்துதான் வெளியே எடுப்பார்கள். பெற்ற பிள்ளை பள்ளிக்கூடம் போச்சா இல்லையா என்று பார்க்கவே நேரம் கிடையாது. இவன் நாயைப் பிடித்துக்கொண்டு காடு மேடெல்லாம் சுற்றப் போகிறானாம். அதுவும் சும்மா இல்லை, மனுசன் நடந்துபோன வாடையை மோந்து பின்னாலேயே போக அதைப் பழக்கப் போகிறானாம்.

“என்னாப்பு, போலீசுல எதுவும் சேரப் போறியா?” என்று டீக்கடையில் கேட்டார்கள்.

தங்கமுத்து டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டான். சிரித்தவர்களுக்கும் காரணம் தெரியும். அடுத்தவன் துக்கத்தின் முன்னால் சும்மா நிற்கத் தெரியாதவர்கள் அப்படித்தான் சிரித்து வைப்பார்கள்.

காரணம் அவன் பெண்டாட்டி சொர்ணலட்சுமி. புருசன் பேரிலும் தங்கம், பெண்டாட்டி பேரிலும் தங்கம்; வீட்டில் மட்டும் குன்றிமணி அளவு கிடையாது. ஆனால் குறை என்று ஒன்றும் சொல்லிக்கொள்ளாத குடும்பம். அவன் தறியில் சேலை நெய்வான், அவள் எதிரே உட்கார்ந்து சுங்குடிச் சேலைக்கு நூலால் புள்ளி புள்ளியாகக் கட்டுப் போடுவாள். ரெண்டு பேருக்கும் நடுவே, தறிக்குழி ஓரத்தில் விரித்த சாக்கில் மகள் பாண்டிச்செல்வி விளையாடும். தறியில் ஊடை நூலைச் சுமந்து ஓடி ஓடித் தேய்ந்துபோன பழைய நாடாக் கட்டை ஒன்றுதான் அதற்குப் பொம்மை. அதைக் கடித்துக்கொண்டே தூங்கிப்போகும். தறிச் சத்தம் கேட்டால்தான் தூங்கும். வெற்றிலை போட அவன் தறியை நிறுத்தினால் கண்ணை முழித்து, “ஓட்டுப்பா” என்று அதட்டும்.

எண்பத்து மூணாம் வருசக் கோடையில் மழைத்தண்ணி என்பதே மறந்துபோய், கிணற்றடியில் ஊறுகிற சேற்றைத் துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். வாந்திபேதி தெருத்தெருவாக வந்தது. தாய்க்கும் வந்தது, மூன்று வயசுப் பிள்ளைக்கும் வந்தது. ரெண்டு பேரையும் ஒரே வண்டியில் போட்டுத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். தாய் பிழைத்துக்கொண்டாள். அவளுக்கு நினைவு திரும்பி, “பிள்ள எங்க?” என்று கேட்டபோது பிள்ளையை ஊருக்குக் கொண்டுபோய் மண்ணுக்குள் வைத்து முடித்திருந்தது.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம். பால்பல் விழாத பிள்ளை செத்துப்போனால் புதைத்த இடத்தைப் பெற்றவளிடம் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவள் மனசு அந்தக் குழியிலேயே கிடந்துவிடும், அடுத்த பிள்ளை வயிற்றில் தங்காது என்பார்கள். திதி கிடையாது, திவசம் கிடையாது, மண்ணைத் தள்ளி முள்ளைப் போட்டு ஆம்பிளைகள் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். புதைத்த இடம் தெரிந்தவர்கள் ரெண்டே பேர்தான். ஒருவன் தங்கமுத்து. இன்னொருவன் சொர்ணத்தின் அண்ணன் முனியப்பன்.

சொர்ணம் முதலில் கேட்டாள். பிறகு கெஞ்சினாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டுத் தேடக் கிளம்பினாள். அங்கிருந்துதான் வினையே ஆரம்பம். தறிச் சத்தத்தில் அவள் எழுந்துபோவது அவனுக்குக் கேட்காது. நிமிர்ந்து பார்த்தால் ஆள் இருக்காது. ஊர்ச் சுடுகாட்டில் சின்ன மேடு எதைக் கண்டாலும் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் அம்பாத்துறை ரயில் தண்டவாளத்தில் நடந்துகொண்டிருந்தவளைக் கேங்மேன் பிடித்து நிறுத்தினான். ஒரு நாள் கொடைரோடு ஸ்டேஷன் வரைக்கும் போய், தண்ணீர்க் குழாயடியில் வெறும் டம்ளரோடு நின்றிருந்தாள்.

“தூரமாத்தானே கொண்டுபோயிருப்பீக,” என்றாள், கூட்டிவரப் போனவனிடம். “பக்கத்துல வச்சா எனக்குத் தெரிஞ்சு போயிருமே.”

பேய் பிடித்திருக்கிறது, கோயிலில் கொண்டுபோய்ச் சங்கிலி போட்டு வை என்றார்கள் தெருவில். முனியப்பனே அதைத்தான் சொன்னான். தங்கமுத்து சங்கிலி போட மாட்டேன் என்றுவிட்டான். கோபக்காரன் இல்லை அவன்; ஆனால் அன்றைக்கு மச்சானை வாசலோடு அனுப்பினான். சங்கிலி இல்லை என்றால் வேறு வழி வேண்டுமே. அடுத்த தரம் தண்டவாளத்தில் கேங்மேன் இருப்பான் என்று யார் கண்டது?

வழி அப்துல் ஜப்பார் ரூபத்தில் வந்தது. ஆட்டுத்தோல் வாங்கச் சைக்கிளில் ஊர் ஊராகப் போய், திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற ஷாப்பில் கொண்டுபோய்ப் போடுகிற ஆள். பேச்சுக்காரன். அவன் சைக்கிளுக்குப் பின்னால் எப்போதும் ஒரு செவலை நாய் வரும்.

“எம்மேல பாசமுன்னு நெனச்சுக்கிறாத,” என்றான் ஜப்பார். “தோலு வாடை. நேத்து நான் கலிக்கம்பட்டிக்குப் போயிருக்கேன், இதக் கிடங்குல கட்டிப் போட்டுட்டு. இன்னைக்கு அவுத்து விட்டா, நேத்துப் போன தடத்துலயே மோந்துக்கிட்டுப் போயி, நான் எந்த வீட்டுல தோலு வாங்குனனோ அந்த வீட்டு வாசல்ல போயி உக்காந்திருக்கு. நான் வேற ஊருல நிக்கிறேன்.”

“மனுசரத் தேடுமா பாய்?”

“யார?” என்று கேட்டுவிட்டு ஜப்பார் உள்ளே பார்த்தான். சொர்ணம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் குரல் இறங்கிவிட்டது. “பழக்குனா தேடும். வேட்டைக்கு வெரட்டுற கன்னி நாயி, ராசபாளையம் நாயெல்லாம் கண்ணால பொழைக்கிற சாதி. இது நாட்டுநாயி, மூக்கால பொழைக்கும். வச்சுக்க. எங்க வீட்டுக்காரி நஸீரா இத வாசப்படி ஏற விட மாட்டேங்கிறா, தொட்டா ஏழு தரம் கழுவுங்கிறா. நான் கையக் கழுவியே தேஞ்சு போயிட்டேன்.”

அப்படித்தான் செவலை மேலத் தெருவுக்கு வந்தது. ஜப்பார் தனக்குத் தெரிந்ததையும் சொல்லிவிட்டுப் போனான். தேடப்பட வேண்டிய ஆள் முதலில் நடக்கணும். காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கணும். கொஞ்ச தூரம் போய்ச் செடி மறைவில் உட்காரணும். நாய்க்கு அந்த ஆளின் துணியைக் காட்டி, நீளக் கயிற்றில் விடணும். கண்டுபிடித்தால், கண்டுபிடிக்கப்பட்ட ஆள்தான் தன் கையால் தின்னக் கொடுக்கணும். மற்றவன் கொடுத்தால் கெட்டுது. காலைப் பனி காய்வதற்குள் செய்யணும். வெயில் ஏறினால் வாடை செத்துப்போகும். ஐப்பசியில் ஒருவழியாக மழை பெய்து, காட்டில் புல் தழைத்திருந்தது. புல்லில் வாடை நிற்கும், பொட்டலில் நிற்காது.

சொர்ணம் வருவாளா என்றுதான் அவனுக்குச் சந்தேகம். அவன் சொன்னதை அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

“நான் ஒளியணும். நாயி என்னையத் தேடும்.”

“ஆமா.”

“கண்ணாமூச்சி.”

“அப்படித்தான் வச்சுக்கயேன்.”

“செல்விக்குக் கண்ணாமூச்சின்னா உசுரு,” என்று சொல்லிவிட்டு, அவிழ்ந்து கிடந்த கொண்டையை முடிந்துகொண்டு எழுந்தாள்.

முதல் நாள் கூத்து இன்றைக்கும் அந்தத் தெருவில் பேச்சு. அவள் பாவடியைத் தாண்டிக் கடலைக்காட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். பாவடி என்பது தெருவுக்குப் பின்னால் பாவு நூலை நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுகிற இடம். தங்கமுத்து அவளுடைய சேலையைச் செவலையின் மூக்கில் காட்டி, “தேடு” என்றான். செவலை மூக்கைத் தரையில் வைத்தது. கயிறு விறைத்தது. நாய் நேரே பாவடிக்குப் போய், சடையாண்டி வீட்டுப் பாவுக்கு அடியில் நுழைந்து, கஞ்சித் தொட்டிக்குள் தலையை விட்டது. பாவு அறுந்து தொங்கியது. சடையாண்டி கஞ்சி தேய்க்கிற குஞ்சத்தோடு துரத்தி வந்தான்.

“ஏலே, இதுதான் ஒன் துப்பறியிற நாயா? நாலாளு ஒழைச்ச பாவுடா!”

தப்பு நாயின் மேல் இல்லை. நெசவாளி வீட்டுச் சேலை, சட்டை, பாய், தலைமுடி எல்லாவற்றிலும் கஞ்சி வாடைதான் முதலில். அவன் மூக்குக்கு அது தெரியவே தெரியாது. பிறந்ததிலிருந்து அதைத்தான் மூச்சாக விட்டுக்கொண்டிருக்கிறான். அவன் காட்டியது பெண்டாட்டியின் சேலை, நாய்க்குத் தெரிந்தது தெருவின் சேலை. அன்றைக்கு முழுக்கத் தன் தறியை விட்டுவிட்டு சடையாண்டியின் பாவில் அறுந்த இழைகளைப் பிணைத்துக் கொடுத்தான். சொர்ணம் கடலைக்காட்டில் வெயில் ஏறுகிற வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“யாரும் தேடி வரலையே,” என்றாள், அவன் போனபோது.

பிறகு அவள் தலைக்கு வைத்துப் படுக்கிற துணியைத் தனியாக எடுத்து, தறி இருக்கிற அறைக்கு வெளியே கூரையில் செருகி வைத்தான். அதைக் காட்டினான். செவலை அந்தத் தரம் பாவடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடலைக்காட்டு வரப்பில் ஏறி, ஒரு இடத்தில் தயங்கி, வட்டம் அடித்து, மறுபடி தடம் பிடித்து, ஆவாரஞ்செடிக்குப் பின்னால் அவள் முன்னே போய் உட்கார்ந்தது. அவள் முந்தியில் முடிந்து வைத்திருந்த கருவாட்டுத் துண்டைக் கொடுத்தாள். அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்ததைத் தங்கமுத்து பார்த்தான். பிள்ளை போனதிலிருந்து பார்க்காதது.

மார்கழி முழுக்க அப்படிப் போயிற்று. அவள் தூரம் கூட்டினாள். வளைந்து போனாள். ஓடைத் தண்ணீரில் இறங்கி நடந்து வேறு இடத்தில் கரையேறினாள். மாட்டு மந்தை போன பாதையை வேண்டுமென்றே குறுக்கே தாண்டினாள். செவலை எல்லாவற்றையும் படித்துக்கொண்டது. திரும்பி வந்து ரெண்டு பேரும் பழைய சோறும் துவையலும் சாப்பிட்டுவிட்டு வேலைக்கு உட்காருவார்கள். அவள் மறுபடி கட்டுப்போட ஆரம்பித்தாள். எல்லாம் சரியாகிவிடும் என்று அவன் நம்பத் தொடங்கினான். ரெண்டு விசயங்கள் மட்டும் அவனை நம்பவிடவில்லை.

ஒன்று அந்த ரெண்டாவது துண்டு. செவலை அவளைக் கண்டுபிடித்ததும் ஒரு துண்டு கருவாட்டைக் கையால் கொடுப்பாள். இன்னொரு துண்டைத் தன் இடது பக்கத்தில், பிள்ளை உட்கார்ந்தால் கை இருக்கிற உயரத்தில், ஒரு கல்லின் மேல் வைப்பாள். செவலை அங்கே போய் வாலை ஆட்டி அதையும் எடுத்துக்கொள்ளும்.

“அது எதுக்கு?” என்று கேட்டான்.

“ரெண்டு பேரும்தானே ஒளிஞ்சிருந்தோம். அவளும் குடுக்கணும்ல.”

நாளாக ஆக, கருவாடு வைக்கும் முன்பே செவலை அவளுடைய இடது பக்கத்துக்குப் போய், யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து வாலாட்டிக்கொண்டு நின்றது. பழக்கம்தான், வேறொன்றும் இல்லை என்று தங்கமுத்து தனக்குள் சொல்லிக்கொள்வான். சொல்லிக்கொண்டே பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வான்.

இன்னொன்று ஓடைக்கரை. பாவடி முடிகிற இடத்தில் பாதை ரெண்டாகப் பிரியும். வலது பக்கம் கடலைக்காடு. இடது பக்கம் ஓடைக்கரையோடு போகிற ஒற்றையடித் தடம். ஆள் போகாத முள்ளுக்காடு. அந்தப் பிரிவுக்கு வந்தால் செவலை நின்றுவிடும். இடது பக்கம் பார்த்து மூக்கைத் தூக்கும். கயிற்றை இழுக்கும். தங்கமுத்து கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொள்வான். ஏனென்றால் அந்தத் தடத்தில்தான், கரைக்குப் பின்னால், பிள்ளை இருந்தது.

இது செவலைக்கு எப்படித் தெரியும்? நாய் வருவதற்கு எத்தனையோ மாசத்துக்கு முன்னால் மூடிய குழி. பிள்ளைதான் கூப்பிடுகிறது என்று அவன் நினைத்தான். நினைத்ததை யாரிடமும் சொல்லவில்லை. கயிற்றை வெடுக்கென்று வலது பக்கம் இழுத்துக்கொண்டு போவான். ஒரு நாள் அவன் இழுத்ததைச் சொர்ணம் திரும்பி வரும்போது பார்த்துவிட்டாள்.

“ஏன் அங்கிட்டுப் பாக்குது?”

“முயலு கியலு கெடக்கும்.”

“ஓ,” என்றாள். அவள் நாயைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள்.

முனியப்பன் கோபத்தை மறந்து பொங்கலுக்கு வந்திருந்தான். தங்கமுத்து அவனைப் பாவடிப் பக்கம் கூட்டிப்போய்க் கேட்டான்.

“மச்சான், சொல்லிறலாமா அவகிட்ட?”

“ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா மாப்ள? இப்பத்தான் செத்தத் தெளிஞ்சிருக்கா. ஒரு தரம் மூஞ்சியப் பாத்தாப் போதும், ஒரே ஒரு தரம்னு எங்கிட்ட எம்புட்டு அழுதா தெரியுமா? போயி மண்ணத் தோண்டுனான்னா நீ என்ன செய்வ? தோண்டிப் பாத்தா என்ன இருக்கும் இப்ப?”

தங்கமுத்துவுக்கும் அந்தப் பயம்தான். வழக்கத்தைக்கூட அவன் அவ்வளவாக நம்பவில்லை. அவள் விரல்கள் அந்த மண்ணைப் பறிப்பது அடிக்கடி கனவில் வந்தது. நகக்கண்ணில் மண்ணோடு அவள் நிமிர்ந்து பார்ப்பாள். அதற்கு மேல் கனவு போகாது.

பொங்கல் முடிந்து ஒரு காலையில் சொர்ணம் நிசமாகவே காணாமல் போனாள். பயிற்சி நாள் இல்லை அது. தறியை நிறுத்தி நிமிர்ந்தான், கட்டுப்போடுகிற மணை காலியாக இருந்தது. கூரையில் செருகிய துணியை எடுத்துச் செவலைக்குக் காட்டினான். செவலை தெருவைக் கடந்து, மதுரை ரோட்டைக் கடந்து, லாரிகளின் புகையில் கொஞ்சம் திணறி, அந்தப் பக்கம் தடம் பிடித்து, நேரே தண்டவாளத்தைப் பார்த்துப் போயிற்று. அவன் ஓடினான். ரயில் வரும் சத்தம் கேட்டதா, காதுக்குள் கேட்டதா என்று அவனுக்கு இன்றைக்கும் தெரியாது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், வேலிக்கருவை நிழலில் அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அவன் பக்கத்தில் விழுந்த மாதிரி உட்கார்ந்து அழுதான். அவள் செவலைக்குக் கருவாடு கொடுத்தாள். வரும்போதே முடிந்து கொண்டுவந்திருக்கிறாள்.

“நீங்க வாரீகளான்னு பாத்தேன்,” என்றாள். பிறகு, “ரோட்டத் தாண்டிக்கூடக் கண்டுபுடிச்சிருச்சே. எப்படி?”

அழுகையும் சந்தோசமுமாக அவன் எல்லாவற்றையும் சொன்னான். காலடியில் வாடை விழுந்துகொண்டே இருக்கும், புல்லில் ஒட்டும், யார் துணியைக் காட்டுகிறோமோ அவர்கள் தடத்தைப் பிடிக்கும், புதுத் தடத்தை வேகமாகப் பிடிக்கும், ஒரே பாதையில் திரும்பத் திரும்பப் போனவர்கள் தடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கும் என்று. ஜப்பார் சொன்னது பாதி, தானே கண்டுகொண்டது பாதி. அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

“என்னைய மட்டுமில்ல. யாருன்னாலும்.”

“யாருன்னாலும்தான்.”

மறுநாள் அவன் தறியில் இருந்தபோது அவள் டிரங்குப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிள்ளையின் கவுனை எடுத்தாள். துவைக்காமல் வைத்திருந்த ஒரே கவுன். செவலையின் மூக்கில் காட்டி, “தேடு” என்றாள்.

தங்கமுத்துவின் கால் மிதியிலேயே நின்றுவிட்டது. செவலை வாசலுக்குப் போயிற்று. தெருவை மோந்தது. திரும்பி உள்ளே வந்தது. சுவரோரமாக ஒரு சுற்று, அடுப்படியில் ஒரு சுற்று. பிறகு மூக்கைத் தரையோடு வைத்துத் தறிக்குழியை நோக்கி மெதுவாக வந்தது. குழி ஓரத்தில் இன்னும் எடுக்காமல் கிடந்த சாக்கின் முன்னே போய், கண்டுபிடித்துவிட்ட நாய் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து, வாலைத் தரையில் தட்டிக்கொண்டு காத்திருந்தது.

சாக்கில் யாரும் இல்லை. நாய் அங்கே யாரோ இருக்கிற மாதிரிதான் பார்த்துக்கொண்டிருந்தது.

சொர்ணம் சாக்கின் மேல் கருவாட்டை வைத்தாள். “அவ இங்கதான் இருந்தாங்கிறது அதுக்குத் தெரியுது,” என்றாள் நிதானமாக. “இங்கருந்து அவ காலால நடந்து போகலையே. நீங்கதானே தூக்கிட்டுப் போனீக.” கவுனை மடித்துக்கொண்டே, “அவ கடிக்கிற நாடா எங்க? அன்னைக்கிருந்து காணமே,” என்று கேட்டாள்.

“எங்கயாச்சும் கெடக்கும்.”

“கெடக்கும்,” என்றாள். “ஓட்டுங்க. தறிய நிறுத்தாதீக.”

அவன் ஓட்டினான். அன்று நெய்தது பூராவும் கோணல்.

தை அமாவாசை வந்தது. நெசவாளிக்கு அமாவாசை அன்று தறி கிடையாது. தெரு முழுக்க ஒரு தறிகூட ஓடாது. மற்ற நாளெல்லாம் டக்கு டக்கு என்று இடிக்கிற தெரு, அன்றைக்குக் காது அடைத்த மாதிரி கிடக்கும். ஆம்பிளைகள் குளித்து, செத்துப்போன பெரியவர்களுக்கு எள்ளும் தண்ணியும் விட்டு, காக்காய்க்குச் சோறு வைப்பார்கள். தங்கமுத்துவும் தன் அப்பனுக்கு விட்டான். பிள்ளைக்கு விட வழக்கம் இல்லை.

“சொசைட்டி வரைக்கும் போயிட்டு வாரேன். நூலு கேட்டிருந்தேன்,” என்று சட்டையை மாட்டினான். ஒவ்வொரு அமாவாசைக்கும் சொல்வதுதான்.

“சரி,” என்றாள் சொர்ணம். அமாவாசைக்கு நூல் கொடுக்கிற சொசைட்டியும் கிடையாது என்பது நெசவாளி வீட்டுப் பொம்பிளைக்குத் தெரியாதா? அவனுக்கு அது உறைக்கவே இல்லை. பொய் சொல்லத் தெரியாதவன் ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் மாட்டுவான். வேர்வைத் துண்டைக் கொடியில் போட்டுவிட்டுப் போனான்.

பாவடி வெறிச்சோடிக் கிடந்தது. புல் இன்னும் ஈரமாக இருந்தது. ஓடைக்கரைத் தடத்தில் இடது பக்கம் திரும்பி, முள்ளை விலக்கி, கரைக்குப் பின்னால் இறங்கினான். தட்டையான கல் ஒன்று, அதைச் சுற்றி அவனே வெட்டிப் போட்ட முள், பக்கத்தில் பூத்த ஆவாரை. அவ்வளவுதான். கல்லுக்கு அடியில் கையை விட்டு, துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்தான். தேய்ந்துபோன நாடா. ஒரு முனையில் பால்பல் பட்ட தடம் வரிசையாக இருந்தது.

உட்கார்ந்து, நாடாவால் கல்லின் மேல் தட்ட ஆரம்பித்தான். டக்கு, டக்கு. தறி ஓடுகிற அதே கதியில். மறுநாள் தெருவில் தறிகள் மறுபடி ஓடத் தொடங்கும் வரை தட்ட முடியாதுதான்; ஆனாலும் ஒவ்வொரு அமாவாசைக்கும் வருவான். வெயில் உச்சிக்கு வரும்வரை தட்டுவான். பெரியவர்கள் காட்டிய சுடுகாட்டை விட்டுவிட்டு, மச்சானோடு சண்டை போட்டு, இந்த இடத்தை அவன் எடுத்ததே அதற்காகத்தான். கடைசி வீட்டுத் தறிச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கும். அமாவாசைக்குத்தான் கேட்காது. அன்றைக்குப் பிள்ளை முழித்துக்கொண்டால் யார் இருக்கிறார்கள்? இதை வெளியே சொன்னால் அவனுக்குத்தான் சங்கிலி போடுவார்கள். அதனால் அவன் சொன்னதில்லை.

முள்ளில் கயிறு உரசுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தான்.

செவலை கரையிலிருந்து இறங்கி வந்தது. மூக்கு தரையை விட்டு எழவில்லை. அவன் வந்த வழியில், அவன் முள்ளை விலக்கிய இடத்தில் நுழைந்து, நேரே அவன் முன்னால் வந்து உட்கார்ந்து அவன் முகத்தைப் பார்த்தது. கயிற்றின் மறுமுனையில் சொர்ணம் நின்றாள். அவள் தோளில் அவன் வேர்வைத் துண்டு கிடந்தது.

கல்லை மறைக்கிற மாதிரி கையை விரித்தான். “வேண்டாம் சொர்ணம். தோண்டிறாத. ஒன்னையக் கும்பிடுறேன்.”

அவள் முந்தியை அவிழ்த்தாள். ஒரு துண்டு கருவாட்டை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

“கண்டுபுடிச்சிருச்சுல்ல. நீங்கதான் குடுக்கணும்.”

அவன் கொடுத்தான். செவலை தின்றது.

“ஓடைப் பிரிவுல அது நின்னுச்சே, பிள்ள கூப்புடுதுன்னு நெனச்சீகளாக்கும். நானும் அப்படித்தான் நெனச்சேன். பெறகுதான் தெரிஞ்சுச்சு. அது உங்க காலடியத்தான் மோந்துச்சு. இந்தத் தடத்துல வேற யாரு நடக்குறா?” என்றாள். பிறகு கல்லைப் பார்த்தாள். “தல எந்தப் பக்கம்?”

“தெக்க.”

அவள் முள்ளைத் தாண்டித் தெற்குப் பக்கமாகப் போய் உட்கார்ந்தாள். மண்ணைப் பறிக்கவில்லை. உள்ளங்கையை வைத்து, காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். ரெண்டாவது துண்டை எடுத்துக் கல்லின் ஓரத்தில் வைத்தாள். செவலை வாலாட்டிக்கொண்டு வந்து எடுத்தது. அதன் பிறகுதான் அவள் அழுதாள். சத்தம் இல்லாமல், வெகுநேரம் அழுதாள். அவனும் தடுக்கவில்லை.

“நான் கொடைரோடு வரைக்கும் போனேன்,” என்றாள். “இம்புட்டுப் பக்கத்துலயா வச்சிருந்தீக?”

“தறிச் சத்தம் கேட்டாத்தானே தூங்குவா.”

அவள் தெருப் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை. காக்காய்களைக் கூப்பிடுகிற குரல் மட்டும் எங்கோ கேட்டது. அவன் கையிலிருந்த நாடாவைப் பார்த்தாள். முனையில் இருந்த பல்தடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு அதை வாங்கிக்கொண்டாள்.

“விடிஞ்சதுலருந்து நீங்க ஒண்ணும் சாப்புடல. வீட்டுக்குப் போங்க, சோறு மூடி வச்சிருக்கு. நான் தட்டுறேன்.”

அவன் போகவில்லை. அவள் தட்ட ஆரம்பித்தாள். அவன் கதி சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் தறிக்கு எதிரே வருசக்கணக்கில் உட்கார்ந்து கட்டுப் போட்டவள் அவள். செவலை, பிள்ளை சாக்கில் படுக்கிற மாதிரி, அவளுடைய இடது பக்கத்தில் படுத்து, கண்ணை மூடிக்கொண்டது.